வெண்டல் அளந்து போட்ட மருந்து

எமில் ஹ்ராட்ஸ்கிக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. வாணலி சூடேறும் முன்பே முட்டையை உடைத்து ஊற்றிவிடுவான். கொதிக்கக் கொதிக்கக் காபியைக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டு, கொண்டுவந்து வைத்த பெண்ணைத் திட்டுவான். அலகேனி ஆற்றங்கரைக் கண்ணாடித் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தான். அவன் கையால் உடைந்த கண்ணாடிகளை வைத்து ஒரு தேவாலயத்துக்கே ஜன்னல் போட்டிருக்கலாம் என்று மேஸ்திரி சொல்வாராம். சொன்ன மேஸ்திரியும் சிரித்தார், எமிலும் சிரித்தான். மனசில் கள்ளம் இல்லாதவன் என்றுதான் எல்லோரும் அவனை நினைத்தார்கள். அப்போது அது உண்மையாகவும் இருந்தது.

அவனிடம் ஒரு பழைய வெப்ளி ரிவால்வர் இருந்தது. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி எவனோ இடுப்பில் மாட்டித் திரிந்தது. போர் முடிந்து மிச்சமான துப்பாக்கிகளைத் தபாலில் விற்ற காலத்தில், சுரங்கத் தொழிலாளியான அவன் அப்பா ஆசைப்பட்டு வாங்கினார். அதற்குரிய தோட்டா அமெரிக்காவில் கிடைக்காது. அதனால் விற்றவர்களே, தோட்டாக்கள் உட்காரும் சுழல் உருளையின் பின்பக்கத்தைச் சீவி எடுத்து, அங்கே கிடைக்கிற பிஸ்டல் தோட்டா உள்ளே உட்காரும்படி செய்திருந்தார்கள். மும்மூன்று தோட்டாக்களை ஓர் அரைநிலாத் தகட்டில் செருகி, அப்படியே உள்ளே போட வேண்டியது. கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் அந்தத் தோட்டாவின் வேகத்துக்கு அந்த உருளை செய்யப்படவில்லை. அதை விற்றவன் யாரிடமும் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை.

சொன்னவர் வெண்டல் ப்ரூபேக்கர். எமிலைவிட இரண்டு வயது இளையவர்தான், ஆனாலும் எமிலைத் தவிர ஊரில் யாருக்கும் அவரை மரியாதை குறைத்துப் பேச நா வராது. ஊர்த் தண்ணீர் நிலையத்தில் க்ளோரின் அளந்து போடுகிற வேலை. அளவு என்றால் வெண்டல்தான். வேட்டைக்காரர் சங்கத்தில் முக்கால்வாசிப் பேர் சுட்ட தோட்டாக்களின் காலிக் கூடுகளைப் பொறுக்கிக்கொண்டு போய், வீட்டு நிலவறையில் உட்கார்ந்து மறுபடி வெடிமருந்தும் குண்டும் அடைக்கிறவர்கள். வெண்டல் அடைக்கிறபோது ரேடியோ கூடாது, பேச்சு கூடாது, மனைவி ஆர்லீன் படியிறங்கி வந்தால்கூட கையை நிறுத்திவிடுவார். ஒவ்வொரு கூட்டின் மருந்தையும் தராசில் வைத்துப் பார்ப்பார். பிறகு எல்லாக் கூடுகளையும் வரிசையாக நிறுத்தி, டார்ச் அடித்து உள்ளே பார்ப்பார். பிறகு இன்னொரு தடவை பார்ப்பார்.

"இது வயசான குதிரை, எமில்," என்றார் ஒருநாள், வெப்ளியைக் கையில் வாங்கிப் புரட்டியபடி. "கடைத் தோட்டா ஒவ்வொன்னும் இதுக்குச் சவுக்கடி. இன்னைக்குத் தாங்கும், நாளைக்குத் தாங்கும். என்னைக்குத் தாங்காதுன்னு அது சொல்லிட்டுச் செய்யாது."

"அப்ப இதைச் சுவத்துல ஆணியடிச்சு மாட்டட்டுமா? எங்கப்பா துப்பாக்கிடா!"

"மருந்தைக் கம்மியாப் போட்டு, மெத்துன்னு ஈயக் குண்டா வச்சு நீயே அடைச்சுச் சுடு."

எமில் அடைத்தும் பார்த்தான். வெண்டலின் மேசையில், வெண்டல் பக்கத்தில் நின்று பார்க்க, பத்தே நிமிஷம். பத்தாவது நிமிஷம் வெண்டல் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எழுந்திரு. நீ வீட்டுல இதைச் செஞ்சா உன் பொண்டாட்டி பெர்னிக்குத் தலைக்கு மேல கூரை இருக்காது."

சங்கத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அடுத்தவன் அடைத்த தோட்டாவைச் சுடக்கூடாது, தான் அடைத்ததை அடுத்தவனுக்குக் கொடுக்கக்கூடாது. அண்ணன் தம்பியானாலும் இதுதான். புதிதாகச் சேருகிற யாருக்கும் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். வெண்டல் தன் வாழ்நாளில் மீறிய கட்டுப்பாடு இது ஒன்றுதான். இல்லாவிட்டால் எமில் கடைத் தோட்டாவைப் போட்டுச் சுட்டுத் தொலைப்பான் என்ற பயத்தில் மீறினார். மாதம் ஒரு பெட்டி. மூடியில் தேதி, மருந்தின் பெயர், எடை, அடியில் கொட்டை எழுத்தில்: எமிலின் வெப்ளிக்கு மட்டும்.

"இதைத் தவிர வேற எதையும் அதுல போடமாட்டேன்னு சொல்லு."

"போடமாட்டேண்டா சாமி, போடமாட்டேன். கோயில்ல சத்தியம் வாங்கற மாதிரி நிக்கிறியே!"

இரண்டு வருஷம் அந்தப்படியே நடந்தான். அதுவே பெரிய விஷயம்.

கோடையில் சங்கத்தில் இரும்புத் தட்டுப் போட்டி நடக்கும். ஆறு தட்டுகள் நிற்கும். அடித்தால் போதாது, விழவேண்டும். வெண்டலின் மெத்தென்ற தோட்டா தட்டின் ஓரத்தில் பட்டால் 'டொங்' என்று சத்தம் வரும், தட்டு லேசாக ஆடும், பிறகு பழையபடி நிற்கும். சங்கத் தலைவர் ரஸ் கோவல்ச்சிக்குக்கு அதைப் பார்த்தால் கொண்டாட்டம்.

"எமில், உன் குண்டு என்னப்பா, கதவைத் தட்டி உள்ள வரலாமான்னு கேக்குது?"

எல்லோரும் சிரிப்பார்கள். வெண்டலும் சேர்ந்து சிரிப்பார். எமிலுக்கு மட்டும் காது சிவந்துவிடும். தொண்ணூற்று நாலாம் வருஷம் ஜூனில் ஒரே ஒரு தட்டு விழாமல் ரஸ்ஸிடம் தோற்றான். அன்று சாயங்காலமே பக்கத்து ஊருக்கு வண்டியை ஓட்டிப் போய்க் கடைத் தோட்டா வாங்கினான். இந்த ஊரிலேயே வாங்கினால் வெண்டல் காதுக்குப் போகுமே!

ஜூலையில் தட்டுகள் சடசடவென்று விழுந்தன. ஆகஸ்டிலும் விழுந்தன. "குறி தேறிடுச்சுடா உனக்கு," என்று வெண்டல் மனசாரத் தோளில் தட்டினார். பாவி மனுஷன், அப்போதாவது எமிலுக்குக் கொஞ்சம் கூசியிருக்க வேண்டாமா? கூசவில்லை. கடைத் தோட்டாக்களைப் பழைய காலுறையில் போட்டு மறைத்துவைப்பான். மேசைமேல் எல்லோரும் பார்க்க வெண்டலின் பெட்டி இருக்கும்.

செப்டம்பர் முதல் திங்கள், தொழிலாளர் தினப் போட்டி. முதல் இரண்டு சுற்றுக்குக் கடைத் தோட்டா. மூன்றாவது சுற்றில் காலுறை காலி. சரி என்று வெண்டலின் பெட்டியைத் திறந்து ஆறு தோட்டாவைப் போட்டான். நாலாவது குண்டுக்கு உருளை வெடித்தது.

சத்தம் வேறு மாதிரி இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். எமிலுக்குச் சத்தமே நினைவில்லை. இடது கையைப் பார்த்தான், கட்டைவிரல் பாதிக்குமேல் போயிருந்தது. முதலில் ஓடிவந்தவர் வெண்டல். தன் சட்டையைக் கிழித்துக் கட்டியவரும் அவர்தான்.

அத்தனை பேரும் மேசைமேல் திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார்கள். அடைக்கிறவர்களுக்கு இது விளங்கும். மருந்து கொஞ்சமாகப் போடுகிற தோட்டாவில்தான் ஆபத்து அதிகம். கூட்டில் பாதிகூட நிறையாததால், கை தவறி இரண்டாம் தடவை மருந்து விழுந்தாலும் வழியாது, கண்ணுக்குத் தெரியாது. இரட்டை மருந்து. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லோருக்கும் அதுதான் தோன்றியது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வெண்டல் வந்தார். ரஸ்ஸும் சங்கத்து ஆட்கள் நாலு பேரும் கட்டிலைச் சுற்றி நின்றிருந்தார்கள். வெண்டல் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டிலின் காலடியில் நின்றார். ராத்திரி தூங்கியவர் போல இல்லை.

"எமில், கோவிச்சுக்காத. ஒன்னே ஒன்னு கேக்கறேன். அதுல வேற ஏதாவது சுட்டியா?"

ரஸ் எமிலையே பார்த்துக்கொண்டிருந்தார். சீவின வெப்ளியில் கடைத் தோட்டா போட்டுச் சுட்டவன் என்றால் அந்தச் சங்கத்தில் அவனைவிடப் பெரிய முட்டாள் கிடையாது. போட்டியில் காலுறைக்குள் ஒளித்துவைத்துச் சுட்டதும் வெளியே வரும். எமிலுக்கு யோசிக்க அவகாசம் இருந்தது. அவசரக்காரன், யோசிக்கவில்லை.

"உன் தோட்டாதான். வேற எதுவும் இல்ல."

வெண்டல் தலையாட்டினார். "அப்ப என் கைதான்," என்றார். "என்னை மன்னிச்சுடு" என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்ல முடியாமல் வெளியே போய்விட்டார்.

உடைந்த துண்டுகளை ரஸ் ஒரு காபி டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் போனதும் எமில் ஒற்றைக் கையால் அதைச் சமையலறை மேசைமேல் கொட்டினான். முப்பத்தொரு வருஷம் உடைசலோடு வாழ்ந்தவனுக்கு உடைந்த விளிம்பைப் படிக்கத் தெரியாதா? புது உடைப்பு பளபளவென்று இருக்கும். அந்த உருளையின் ஒரு விளிம்பில் பாதி பளபளப்பு, மீதி புகைக்கரி ஏறிக் கறுத்துப் போயிருந்தது. அந்த விரிசல் வாரக்கணக்கில் அங்கே இருந்திருக்கிறது. ஜூலையிலோ ஆகஸ்டிலோ, அவன் தட்டுகளைச் சடசடவென்று வீழ்த்திய ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கியது. வெண்டலின் பாவப்பட்ட நாலாவது தோட்டா கடைசியில் வந்து மாட்டிக்கொண்டது.

பெர்னி அவனுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியில் கடைத் தோட்டாவின் காலிப் பெட்டிகளை அவள் எப்போதோ பார்த்தவள்.

"இதை எடுத்துட்டுப் போய் வெண்டல்கிட்ட காட்டு. இப்பவே போ."

"கை வலிக்குது. நாளைக்குப் போறேன்."

"வலி கையிலயா, மூஞ்சியிலயா?"

நாளைக்குப் போனான். வெண்டல் வீட்டுக்கு இல்லை, பாலத்துக்கு. டப்பாவோடு ஆற்றில் போட்டான். துண்டுகளை ஒருதரம் பார்க்கலாமா என்று பிற்பாடு வெண்டல் கேட்டபோது, பார்த்தால் வயிறு எரிகிறது, வீசிவிட்டேன் என்றான். அது மட்டும் ஒருவிதத்தில் நிஜம்.

வெண்டல் தன் வீட்டிலிருந்த தோட்டாக்களையெல்லாம் பிரித்தார். ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தது. இருந்தாலும் வெடித்தது வெடித்ததுதானே என்று தோட்டா அடைக்கிற அச்சு, தராசு எல்லாவற்றையும் விற்றார். அதோடு விட்டதா ஊர்? தபால் நிலையத்தில், முடிதிருத்தகத்தில், சர்ச் வாசலில், எவனாவது ஒருவன் கேட்பான்:

"வெண்டல், இன்னைக்குக் க்ளோரின் ஒரு தரம் போட்டியா, ரெண்டு தரமா?"

விளையாட்டுக்குத்தான் கேட்டார்கள். இருபத்தாறு வருஷம் ஊருக்கே தண்ணீர் அளந்து கொடுத்த மனுஷன், ஒரே நாளில் வால்வை நாலு தடவை போய்ப் பார்த்துவிட்டு வர ஆரம்பித்தார். ஐந்தாவது தடவைக்காக வீட்டிலிருந்து பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடினார். அடுத்த வசந்தத்தில் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டார். பிறகு காபித்தூள்கூட ஆர்லீன்தான் அளந்து போடவேண்டும், அவர் தொடமாட்டார்.

எமிலுக்கு இதெல்லாம் தெரியும். ஒன்றுவிடாமல் தெரியும். ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் வெண்டல் அவன் வீட்டுக்கு வந்து விறகு பிளந்து அடுக்கினார். எமில் மான் அடித்தால் வந்து தோலுரித்துக் கொடுத்தார், கட்டைவிரல் இல்லாமல் தோலை இழுத்துப் பிடிக்க வராது என்று. வேண்டாம் என்று எமில் சொன்னால், "என்னைச் செய்ய விடு எமில், இல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது," என்பார். எமில் விட்டான். பிளந்த விறகில் குளிர்காய்ந்தான். எப்படி முடிந்தது எமிலுக்கு? முதல் மாதத்தில் சொல்லியிருந்தால் முட்டாள் என்ற பேரோடு போயிருக்கும். ஒரு வருஷம் கழித்து என்றால் அயோக்கியன். ஐந்து வருஷம் கழித்து அதற்கு என்ன பேர் என்று எமிலுக்கே தெரியவில்லை.

நடுவில் ஒருதடவை சொல்லவும் பார்த்தான். பனியில் சிக்கிய வண்டிக்குள் இருவரும் தனியாக உட்கார்ந்திருந்தபோது, "வெண்டல், அந்தத் தோட்டா விஷயம்..." என்று ஆரம்பித்தான். வெண்டலின் முகம் வெளிறிவிட்டது. "அதைப் பேச வேண்டாம் எமில். கையெடுத்துக் கும்பிடறேன்," என்றார். எமிலுக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் பிற்பாடு அதிகம் அழுதான்.

இரண்டாயிரத்து நாலில் பெர்னி இறந்துபோனாள். போவதற்கு முந்தின வாரம் அவன் கையை, விரல் இல்லாத கையை, பிடித்துக்கொண்டு, "நான் சொல்லியிருக்கணும். நீயே சொல்லுவேன்னு விட்டுட்டேன். தப்பு பண்ணிட்டேன்," என்றாள். அவளோடு சாட்சியும் போயிற்று.

இரண்டாயிரத்து ஒன்பது, மார்ச். வெண்டலுக்குக் கணையத்தில் புற்றுநோய். ஆர்லீன் தொலைபேசியில், "பாக்கணும்னா இந்த வாரமே வந்துடுங்க," என்றாள்.

எமில் அன்று காலை சட்டையை மாற்றி, முகம் மழித்து, வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனான். கடைத் தோட்டா போட்டேன், பொய் சொன்னேன், உன் கை சுத்தம். வேறு எதுவும் வேண்டாம், இந்த மூன்று போதும்.

வெண்டல் ஜன்னலோரக் கட்டிலில் குச்சியாகக் கிடந்தார். எமிலைப் பார்த்ததும், ஆர்லீனை வெளியே போகும்படி கண்ணைக் காட்டினார். அவள் நகர்ந்தாள், ஆனால் கதவைச் சாத்தவில்லை.

"எமில். பதினஞ்சு வருஷமா கேக்கணும்னு இருக்கேன். கேக்க பயம்."

"நான் ஒன்னு சொல்லணும்டா, முதல்ல..."

"இரு. என்னைக் கேக்க விடு, மூச்சு இல்ல. உன் விரலை எடுத்தேனே, மன்னிச்சுட்டியா?"

அந்தக் கண்ணை எமிலால் பார்க்க முடியவில்லை. இல்லை, நீ ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால், அடுத்த கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். பதினைந்து வருஷத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். வெண்டலுக்கு அதைக் கேட்டு முடிக்க மூச்சு இருக்குமா? மனுஷன் வேதனையோடே போய்விட்டால்? இப்படியெல்லாம் அப்போது யோசித்ததாக எமில் பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நிஜத்தில் யோசிக்கவில்லை, வாய் முந்திக்கொண்டது.

"எப்பவோ மன்னிச்சுட்டேண்டா."

வெண்டல் கண்ணை மூடினார். கண்ணோரம் ஈரம். "ரொம்ப தேங்க்ஸ் எமில்," என்றார். நாலாம் நாள் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பன்றித்தொடைக் கறி, உருளைக்கிழங்கு, யாரோ கொண்டுவந்த முட்டைக்கோஸ் உருண்டை. ஊரே வந்திருந்தது. ஆளுக்கொருவராக எழுந்து வெண்டலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார்கள். நல்லவர், அமைதியானவர், அடக்கமானவர். ரஸ் எழுந்தார். "ஒரே ஒரு தடவைதான் வெண்டல் கை தவறுச்சு. அந்த ஒரு தப்புக்கு எத்தனை வருஷம் ஈடு கட்டினாரு பாருங்க," என்றார். அங்கங்கே சிலர் ஆமாம் என்றார்கள்.

எமில் எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"அவன் கை தவறல! நான் கடைத் தோட்டா போட்டுச் சுட்டேன். ரெண்டு மாசம். உருளையில ஏற்கெனவே விரிசல் விட்டிருந்துச்சு, நானே கண்ணால பாத்தேன். அவன் வந்து கேட்டான், நான் பொய் சொன்னேன். ரஸ், நீ பக்கத்துல நின்னுட்டிருந்தே. பொய் சொன்னேன்!"

ரஸ் மெல்ல வந்து அவனைக் கட்டிக்கொண்டார். ரஸ் அழுதுகொண்டிருந்தார்.

"புரியுது எமில். அவர் பேரைக் காப்பாத்தணும்னு பாக்கறே. இந்த மனசு யாருக்கு வரும்?"

"ஐயோ, இல்ல ரஸ், நெஜமாத்தான் சொல்றேன்! டப்பாவை நான்தான் ஆத்துல போட்டேன்..."

"சரி சரி. உக்காரு. உக்காரு."

பின்வரிசையில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். பாதிரியார் வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார், விரல் போன அந்தக் கையையே. எமில் அவரை உதறிவிட்டு ஆர்லீனிடம் போனான். அவள் கறுப்பு உடையில், தொடாத தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"ஆர்லீன், நீங்களாவது நம்புங்க. அவன் எதுவுமே செய்யல."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். நம்பினாள் என்றுதான் எமிலுக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.

"அன்னைக்குக் கதவு திறந்துதான் இருந்துச்சு, எமில். நீங்க மன்னிச்சேன்னு சொன்னதை நான் கேட்டேன். அதுக்கப்புறம் நாலு ராத்திரி அவர் நல்லாத் தூங்கினாரு. பதினஞ்சு வருஷத்துல அந்த நாலு ராத்திரிதான். நீங்க இப்ப சொல்றதுதான் நெஜம்னா, மன்னிக்க வேண்டியது அவர் இல்லையா? அவர்தான் போயிட்டாரே. நான் யார்கிட்ட போய்க் கேக்கட்டும்?"

அவள் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

"போய்ச் சாப்பிடுங்க," என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகும் அவன் விடவில்லை. சங்கக் கூட்டத்தில் சொன்னான், முடிதிருத்தகத்தில் சொன்னான், காபிக் கடையில் அறிமுகம் இல்லாதவர்களிடம்கூடச் சொன்னான். எல்லோரும் பொறுமையாகக் கேட்கிறார்கள், தோளைத் தட்டுகிறார்கள், அவன் காபிக்கும் சேர்த்துக் காசு வைத்துவிட்டுப் போகிறார்கள். செத்துப்போன சிநேகிதனுக்காக எவ்வளவு பெரிய பழியைச் சுமக்கிறான் பார் என்று போகும்போது பேசிக்கொள்வது அவன் காதில் விழும். ஊரில் எமிலைப் போல நல்லவன் கிடையாதாம். இல்லை என்று அவன் சொல்லச் சொல்ல, இன்னும் நல்லவன் என்கிறார்கள்.